16 ஆம்பியர் ப்ளக், 4 ஆம்பியர் விளக்கிடம் தோற்பது ஏன்? செடி வளர்க்கும் விளக்குகளுக்கு டைமர் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை 6 மணிக்கு எரிய வேண்டும், இரவு 10 மணிக்கு அணைய வேண்டும். வீட்டுக்குள் விளக்கு போட்டு கீரை, லெட்யூஸ், குடைமிளகாய், ஸ்ட்ராபெரி வளர்ப்பவர்கள் மின்சாரத்திடம் கேட்பது இவ்வளவுதான். இதற்காக ஒரு ஸ்மார்ட் ப்ளக் வாங்குகிறார்கள். "16 ஆம்பியர்னு போட்டிருக்கே, நம்ம லைட்டு 4 ஆம்பியர்தானே, தாராளமா தாங்கும்" என்று மாட்டிவிடுகிறார்கள். சில மாதங்கள் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு ஒருநாள் செல்போன் ஆப்பில் 'ஆஃப்' என்று காட்டுகிறது. அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.

ஆப் பொய் சொல்லவில்லை. அணைக்கச் சொல்லும் கட்டளை ப்ளக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால், உள்ளே இருக்கும் ரிலேயின் இரண்டு உலோக முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன. இனி எந்த ஆப்பாலும் அவற்றைப் பிரிக்க முடியாது.

16 ஆம்பியர் தாங்கும் ப்ளக், 4 ஆம்பியர் விளக்கிடம் எப்படித் தோற்றது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், பெரிய வாட் விளக்குகளைப் பயமில்லாமல் ஓட்டலாம். தெரியாவிட்டால் செடி வீணாவதில் தொடங்கி, பிளக் பாயின்ட் கருகுவது வரை போகும்.

விளக்கு அணையாவிட்டால் செடிக்கு என்ன?

வெளிச்சம் கூடினால் செடிக்கு நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. செடிகள் இரவின் நீளத்தை அளந்துதான் எப்போது பூக்க வேண்டும் என்று முடிவு செய்கின்றன. அமெரிக்க வேளாண் துறையின் விஞ்ஞானிகள் கார்னரும் அல்லார்டும் 'மேரிலாண்ட் மாமத்' என்ற புகையிலை ரகத்தை ஆராய்ந்து, பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை 1920-ல் வெளியிட்டார்கள்.

இன்று அந்த அறிவியல் ஒரு தொழில். சாமந்தி, நீண்ட இரவு கிடைத்தால் மொட்டு விடும் செடி. அதனால், தண்டு போதிய உயரம் வளரும்வரை நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கு போட்டு இரவை 'உடைத்து' வைப்பது பசுமைக்குடில் விவசாயிகளின் வழக்கம். வியட்நாமின் பின் துவான் பகுதியில் டிராகன் ஃப்ரூட் தோட்டங்களில் இதற்கு நேர் எதிரான காரணத்துக்காக இரவில் விளக்கு எரிகிறது. அந்தச் செடிக்கு இரவு சுருங்கினால்தான் பூ.

ஆக, அணைய வேண்டிய நேரத்தில் அணையாத விளக்கு, பூக்க வேண்டிய சாமந்தியைப் பூக்கவிடாது. தக்காளிச் செடிக்கு 24 மணி நேரமும் வெளிச்சம் கொடுத்தால் இலைகள் வெளிறிப் பழுதாகும். ஒரு ரிலே ஒட்டிக்கொண்டு யாரும் கவனிக்காமல் சில நாட்கள் போனாலே அந்தப் பருவத்துக் கணக்கு கெட்டுப்போகும்.

960 வாட் என்றால் எத்தனை ஆம்பியர்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் அறையில் 240 வாட் எல்இடி விளக்குகள் 4 இருக்கின்றன. மொத்தம் 960 வாட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 960-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 4.2 ஆம்பியர். பவர் ஃபேக்டர் 0.95 என்று வைத்துக்கொண்டால் 4.4 ஆம்பியர்.

நம் வீடுகளில் இருப்பது இரண்டு வகை பிளக் பாயின்ட்: சிறியது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். சிறியதில் கோட்பாட்டளவில் 1,380 வாட் வரை போடலாம். பெரியதில் 3,680 வாட். ஆனால், இவை உச்ச வரம்பு. மிக்ஸி 5 நிமிடம் ஓடும். செடி விளக்கு தினமும் 16 மணி நேரம் ஓடும். இப்படி மணிக்கணக்கில் ஓடும் சுமைக்கு, வரம்பில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அப்படிப் பார்த்தால் பெரிய பாயின்ட்டில் 13 ஆம்பியருக்குள், சிறியதில் 5 ஆம்பியருக்குள்.

இந்தக் கணக்கின்படி 4.4 ஆம்பியர் விளக்குக்கு 16 ஆம்பியர் ப்ளக் தாராளம். கணக்கில் பிழை இல்லை. ஆனால், இது விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது எடுக்கும் மின்சாரம் மட்டும்தான். விளக்கைப் போடும் அந்த ஒரு கணத்தில் நடப்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை.

முதல் மில்லி விநாடியில் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு பெரிய எல்இடி விளக்குடனும் 'டிரைவர்' என்றொரு பெட்டி வரும். வீட்டு ஏசி மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்ற டிசி மின்சாரமாக மாற்றுவது அதன் வேலை. அதற்குள் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. ஸ்விட்ச் போட்ட கணத்தில் அவை காலிக் குடம் மாதிரி. ஒரே மூச்சில் நிரம்பப் பார்க்கும். அப்போது பாயும் மின்சாரத்துக்கு 'இன்ரஷ் கரண்ட்' என்று பெயர்.

ஓடும்போது 1 ஆம்பியர்தான் எடுக்கும் ஒரு 240 வாட் டிரைவரின் டேட்டாஷீட்டைத் திறந்தால், இன்ரஷ் என்ற வரியில் 50, 70 ஆம்பியர் என்று இருப்பது சாதாரணம். நீடிப்பது ஒரு மில்லி விநாடியோ அதற்கும் குறைவாகவோதான். நான்கு விளக்கை ஒரே ப்ளக்கில் சேர்த்தால், ஏட்டுக் கணக்கில் 200 ஆம்பியரைத் தாண்டும். வயரின் தடை இதைக் கொஞ்சம் குறைக்கும். ஆனாலும் 16 ஆம்பியர் என்று எழுதிய ரிலேக்கு இது பேரிடி.

ப்ளக்கின் மேல் எழுதியிருக்கும் 16 ஆம்பியர் யாருக்கு? வாட்டர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி மாதிரியான 'ரெசிஸ்டிவ்' சுமைக்கு. அவை போட்ட கணத்திலும் ஓடும்போதும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம்தான் எடுக்கும். எல்இடி டிரைவருக்குப் பல ப்ளக்குகளின் விவரக் குறிப்பில் வேறொரு எண் இருக்கும். 16-ஐவிட மிகவும் குறைவாக இருக்கும். பெட்டியின் முன்பக்கம் அதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். 'விளக்கை டிம் பண்ணி வெச்சுட்டா இன்ரஷ் குறையும்' என்று சிலர் நினைக்கிறார்கள். குறையாது. வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று விழித்துக்கொள்வதற்கு முன்பே கெப்பாசிட்டர்கள் நிரம்பி முடிந்துவிடும்.

ரிலே எப்படி ஒட்டிக்கொள்கிறது?

ரிலேக்குள் இருப்பது ஒரு சிறிய மின்காந்தமும் இரண்டு உலோக முனைகளும்தான். காந்தம் இழுத்தால் முனைகள் சேரும், விளக்கு எரியும். சேரும்போது அவை ஒரே அடியில் பொருந்துவதில்லை. தரையில் விழுந்த பந்து போல் சில முறை துள்ளித்தான் நிலைக்கும். அந்தத் துள்ளலும் இன்ரஷ் கரண்டும் ஒரே கணத்தில் சந்திக்கின்றன. துள்ளும் ஒவ்வொரு முறையும் ஒரு பொறி. ஒவ்வொரு பொறியிலும் உலோகம் துளி உருகுகிறது.

தினமும் இப்படி உருகிக் குளிர்ந்து, முனைகளின் மேற்பரப்பு கரடுமுரடாகிறது. ஒருநாள் உருகிய இடத்திலேயே இரண்டும் இறுகிவிடும். வெல்டிங் பட்டறையில் நடப்பது இதேதான், அளவுதான் சிறியது.

இங்கே கவனிக்க வேண்டியது, ரிலே பழுதாகும் திசை. பல்பு பழுதானால் அணைந்துபோகும், நமக்கு உடனே தெரியும். ரிலே ஒட்டிக்கொண்டால் விளக்கு எரிந்தபடியே இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். 'டைமர் இருக்கு, அது பார்த்துக்கும்' என்று ஊருக்குப் போய்விட்டவருக்குத் தெரியவே தெரியாது.

எம்சிபி சில நாள் மட்டும் விழுவது ஏன்?

'காலையில லைட்டு ஆன் ஆகும்போது சில நாள் எம்சிபி ட்ரிப் ஆகுது, சில நாள் ஆகலை' என்பது பலரின் புகார். இதற்கும் காரணம் இன்ரஷ்தான். நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் அலை. 230 வோல்ட் என்று சொன்னாலும் அலையின் உச்சியில் அது சுமார் 325 வோல்ட். ரிலே சேரும் கணத்தில் அலை உச்சியில் இருந்தால் இன்ரஷ் முழுதாக அடிக்கும். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மென்மையாகப் போய்விடும். எந்தக் கணம் வாய்க்கும் என்பது அன்றன்றைக்கு அதிர்ஷ்டம்.

எம்சிபியில் பி, சி, டி என்று வகைகள் உண்டு. பி வகை, தன் அளவைப் போல் 3 முதல் 5 மடங்கு மின்சாரத்தில் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில், டி வகை 10 முதல் 20 மடங்கில். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி, 80-க்கும் 160-க்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் அளவில் விழும் என்று பொருள்.

இந்த இடத்தில்தான் ஆபத்தான ஒரு 'தீர்வு' வருகிறது. "அடிக்கடி விழுதா? 32 ஆம்பியர் போட்டுரலாம் சார்" என்பார் யாராவது. எம்சிபி இருப்பது சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்ற. 2.5 சதுர மி.மீ. வயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டால், வயர் தாங்க முடியாத அளவு சூடானாலும் எம்சிபி சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். எம்சிபி விழுந்தால் அதன் ஆம்பியரைக் கூட்டக் கூடாது. எல்லா விளக்கும் ஒரே கணத்தில் எரிவதைத்தான் மாற்ற வேண்டும். இரண்டிரண்டாகப் பிரித்து, ஒரு நிமிட இடைவெளியில் போட்டாலே இன்ரஷ் பாதியாகும்.

கான்டாக்டர்: சுமை தூக்க வேறு ஆள்

பெரிய மோட்டார், தெருவிளக்கு வரிசை, தொழிற்சாலை எல்லாவற்றிலும் கடைப்பிடிக்கும் பழைய விதி ஒன்று உண்டு. நேரம் சொல்பவர் சுமை தூக்கக் கூடாது. டைமரின் வேலை மணி பார்ப்பது. விளக்கின் மொத்த மின்சாரத்தையும் கடத்த வேண்டியது 'கான்டாக்டர்'.

கான்டாக்டர் என்பதும் ரிலேயின் அண்ணன்தான். ஆனால் முனைகள் பெரியவை, அழுத்தும் ஸ்பிரிங் வலுவானது, பொறியைத் தாங்கும் உலோகக் கலவை. அதை இயக்கும் காயிலுக்குச் சில வாட் மின்சாரம் போதும்.

இணைப்பு எப்படி இருக்கும்? டிபி பாக்ஸில் விளக்குக்கென்று தனி எம்சிபி. அங்கிருந்து ஃபேஸும் நியூட்ரலும் கான்டாக்டரின் இரண்டு வழிகளுக்குள் நுழைந்து, மறுபக்கம் விளக்குகளுக்குப் போகும். டைமரின் வழியே போகும் மெல்லிய இணைப்பு ஒன்று கான்டாக்டரின் காயிலுக்கு மட்டும். மணி 6 ஆனதும் டைமர் காயிலுக்கு மின்சாரம் கொடுக்கும், கான்டாக்டர் 'டக்' என்று இழுக்கும், விளக்கு எரியும். டைமர் கடத்துவது சில பத்து மில்லி ஆம்பியர்தான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஏற்கெனவே வாங்கிய ஸ்மார்ட் ப்ளக்கைத் தூக்கிப் போட வேண்டாம். கான்டாக்டரின் காயிலை மட்டும் அதில் இணைத்துக்கொள்ளலாம். ஆப், அட்டவணை எல்லாம் அப்படியே இருக்கும். ப்ளக்கின் தலையில் இருந்த சுமை மட்டும் இறங்கிவிடும். காயிலுக்குக் குறுக்கே 'ஆர்சி ஸ்னப்பர்' என்ற சிறிய துணைப்பாகத்தையும் போடச் சொல்லுங்கள். காயில் அணையும்போது எழும் மின் அதிர்விலிருந்து அது டைமரைக் காக்கும்.

கடையில் என்ன கேட்டு வாங்குவது?

"25 ஆம்பியர் கான்டாக்டர் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் போதாது. ஒரே கான்டாக்டரின் மேல் பல ஆம்பியர் எண்கள் அச்சாகியிருக்கும். ஏசி-1 என்பது ஹீட்டர் மாதிரியான சுமைக்கு. இந்த எண்தான் பெரிதாக இருக்கும். ஏசி-3 என்பது மோட்டாருக்கு. ஏசி-5ஏ என்பது சோடியம் மாதிரியான டிஸ்சார்ஜ் விளக்குகளுக்கு. இங்கே 'ஏசி' என்பது குளிர்சாதனம் அல்ல, மின்சார வகை.

எல்இடி விளக்குக்கு ஏசி-1 எண்ணை நம்பி வாங்குவது, ப்ளக்கில் செய்த அதே தவறைப் பெரிய அளவில் செய்வது. தயாரிப்பாளரின் அட்டவணையில் 'இத்தனை எல்இடி டிரைவர் வரை' என்று இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் டிரைவரின் இன்ரஷ் எண்ணை எடுத்துப்போய்க் காட்டி, கான்டாக்டர் ஒரு கணத்துக்கு எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். ஐயம் இருந்தால் ஒரு அளவு பெரியதாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

நீல ரிலே போர்டும் எஸ்எஸ்ஆரும்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு காபி விலைக்குச் சற்று மேலே கொடுத்தால் கிடைக்கும் நீல நிற ரிலே போர்டு, ஐடி இளைஞர்களின் செல்லம். ஆர்டுயினோ, ஈஎஸ்பி போர்டுகளோடு சுலபமாக இணையும். அதன் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று எழுதியிருக்கும். மேலே சொன்ன எல்லாப் பிரச்சினையும் அதற்கும் உண்டு. கூடவே, மெல்லிய செப்புத் தடங்களும் திறந்து கிடக்கும் 230 வோல்ட் முனைகளும். அதை விளக்குக்கு நேரடியாகப் போடக் கூடாது. மூடிய பெட்டிக்குள் வைத்து, கான்டாக்டர் காயிலை இயக்க மட்டும் பயன்படுத்தலாம்.

அப்படியானால் உருகும் முனைகளே இல்லாத எஸ்எஸ்ஆர், அதாவது சாலிட் ஸ்டேட் ரிலே? அதில் ஒரு நன்மை உண்டு. 'ஜீரோ கிராஸ்' வகை எஸ்எஸ்ஆர், அலை பூஜ்ஜியத்தைத் தொடும்போதுதான் சேரும் என்பதால் இன்ரஷ் குறையும். விலையும் உண்டு. ஓடும்போது அதன் குறுக்கே 1 முதல் 1.5 வோல்ட் விழும். 10 ஆம்பியர் போனால் 10 முதல் 15 வாட் வெப்பம். ஹீட் சிங்க் இல்லாமல் தாங்காது. அணைத்த பிறகும் சில மில்லி ஆம்பியர் கசியும் என்பதால் எல்இடி மங்கலாக ஒளிரலாம், இருட்டு தேவைப்படும் செடிக்கு அது தொல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எஸ்எஸ்ஆரும் பழுதானால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே பழுதாகும்.

பழைய சோடியம் விளக்கு வைத்திருந்தால்?

400, 600, 1000 வாட் சோடியம் விளக்குகளை இன்னும் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்கு விதிகள் இன்னும் கறார். விளக்கைப் பற்றவைக்க அதன் இக்னைட்டர் சில ஆயிரம் வோல்ட் துடிப்புகளைத் தருகிறது. அதனால் பேலஸ்ட்டுக்கும் விளக்குக்கும் நடுவே டைமரோ ரிலேயோ வைக்கவே கூடாது. கான்டாக்டர் எப்போதும் பேலஸ்ட்டுக்கு முன்னால்தான். அணைத்த சோடியம் விளக்கு சில நிமிடங்கள் ஆறினால்தான் மறுபடியும் பற்றும். டைமரில் 'ஆஃப்' ஆன பிறகு குறைந்தது 15 நிமிடம் 'ஆன்' ஆகாதபடி அமைப்பது விளக்குக்கும் இக்னைட்டருக்கும் நல்லது.

கரண்ட் போய் வந்தால்?

நம் ஊரில் டைமர் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சுற்றும் முள் வைத்த மெக்கானிக்கல் டைமர், கரண்ட் போனால் நின்றுவிடும். 2 மணி நேரம் கரண்ட் இல்லையென்றால், அன்றிலிருந்து செடியின் காலை 2 மணி நேரம் தள்ளிப்போகும். பேட்டரி பேக்கப் உள்ள டிஜிட்டல் டைமருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்மார்ட் ப்ளக்கில், கரண்ட் திரும்பியதும் பழைய நிலைக்கே போகுமா, அணைந்தே இருக்குமா என்ற அமைப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு மறைமுக ஆபத்தும் உண்டு. பல டிரைவர்களில் இன்ரஷைக் குறைக்க 'என்டிசி' என்ற தடுப்பான் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது அது மின்சாரத்தைத் தடுக்கும், சூடானால் வழிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் சில விநாடி போய் உடனே வந்தால், சூடான என்டிசி எதையும் தடுக்காது. இன்ரஷ் வழக்கத்தைவிட அதிகமாக அடிக்கும். ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் கரண்ட் வந்ததும் சில நிமிடம் காத்திருந்து விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி 'ஆன் டிலே' ரிலே ஒன்றைக் காயில் இணைப்பில் சேர்த்தால் 3 நிமிடம் கழித்துத்தான் விளக்கு எரியும். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் இந்த விளக்குகளைச் சேர்க்க வேண்டாம்.

சூடு: அறையின் மறைந்த எதிரி

மூடிய அறையில் விளக்குக்குப் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். 960 வாட் விளக்கு என்றால், அறைக்குள் 960 வாட் ஹீட்டர் ஓடுவது போல. 1 டன் குளிர்சாதனம் வெளியேற்றுவது சுமார் 3,500 வாட் வெப்பம். அதில் கால் பங்குக்கு மேல் இந்த விளக்குக்கே போய்விடும். சித்திரை மாதம் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோனால்?

இதற்கு ஒரு தெர்மோஸ்டாட் போதும். டைமருக்கும் கான்டாக்டர் காயிலுக்கும் நடுவே அதை வரிசையாக இணைத்து, 38 டிகிரி மாதிரி ஓர் அளவில் வைத்தால், சூடு ஏறியதும் காயில் விடும், விளக்கு அணையும். ஆனால் கான்டாக்டரே ஒட்டிக்கொண்டிருந்தால் இதுவும் பலிக்காது. ஆளில்லாத அறை, பெரிய முதலீடு என்றால் இரண்டாவது கான்டாக்டரை முதலாவதுக்கு முன்னால் வரிசையில் வைத்து, தெர்மோஸ்டாட்டுக்கு மட்டும் ஒதுக்கலாம். அது தினமும் சுமையோடு சேர்ந்து பிரிவதில்லை. அதனால் முனைகள் தேயாமல், தேவைப்படும் அந்த ஒரு நாளுக்குத் தயாராக இருக்கும்.

தண்ணீரும் தளர்ந்த திருகும்

செடி இருக்கும் இடத்தில் தண்ணீரும் இருக்கும். எம்சிபி மனிதரைக் காக்காது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். எல்இடி டிரைவர் போன்ற மின்னணுச் சுமைகளுக்கு 'டைப் ஏ' கேட்டு வாங்குவது நல்லது. விளக்கின் அலுமினிய உடலுக்கு எர்த் கட்டாயம். எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு முனை ப்ளக்கில் மாட்டுவது உயிரோடு விளையாடுவது. கான்டாக்டர் பெட்டி தண்ணீர் தொட்டிக்கு மேலேயோ எட்டும் தூரத்திலேயோ இருக்கக் கூடாது. வயர் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

தீப்பிடிப்பதில் பெரும் பங்கு தளர்ந்த இணைப்புக்கு உண்டு. ஒரு திருகு தளர்ந்து, அங்கே 0.1 ஓம் தடை உருவாகிறது என்று வையுங்கள். 4.4 ஆம்பியரில் அங்கே சுமார் 2 வாட் வெப்பம். அதே பாயின்ட்டில் ஹீட்டரையும் சேர்த்து 13 ஆம்பியர் ஆனால் 17 வாட். சுண்டைக்காய் அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவே, தினமும் 16 மணி நேரம். இதனால்தான் பிளக் பாயின்ட் மஞ்சளித்துப் பிறகு கருகுகிறது. இந்த அளவு தடைக்கு எம்சிபி விழாது, ஆர்சிசிபியும் விழாது. சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரும் இதே ரகம்தான். விரித்தால் ஆறும் சூடு, சுருளுக்குள் தேங்கும்.

எலக்ட்ரீஷியனிடம் என்ன சொல்ல வேண்டும்?

டிபி பாக்ஸில் கை வைக்கும் வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது. ஆனால் என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருப்பது உங்கள் வேலை. அவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

விளக்குக்கென்று தனி லைன், 2.5 சதுர மி.மீ. செப்பு வயர், அதற்கேற்ற சி வகை எம்சிபி.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அளந்து பார்த்த எர்த்.

எல்இடி அல்லது டிஸ்சார்ஜ் சுமைக்குக் கணக்கிட்ட, ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து துண்டாகும் இரண்டு வழி கான்டாக்டர், தூசியும் ஈரமும் புகாத மூடிய பெட்டியில்.

பேட்டரி பேக்கப் உள்ள டைமர், ஆன் டிலே, தெர்மோஸ்டாட், மூன்றும் காயில் இணைப்பில் மட்டும்.

இழை வயரின் ஒவ்வொரு முனைக்கும் லக். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து எல்லாத் திருகையும் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறுக்கிப் பார்ப்பது.

முதல் நாள் விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கில் வந்த 4.4-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் இது தேவையா? 20, 40 வாட் பட்டை விளக்கு ஒன்றிரண்டை வைத்து மைக்ரோகிரீன்ஸ் வளர்ப்பவருக்கு நல்ல ஸ்மார்ட் ப்ளக்கே போதும். பெரிய டிரைவர்கள் இரண்டு, மூன்று என்று சேரத் தொடங்கும்போதுதான் கான்டாக்டரின் தேவை வருகிறது.

செலவைப் பார்த்து யோசிப்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். 960 வாட் தினமும் 16 மணி நேரம் என்றால் நாளுக்கு 15 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாத பில்லில் 900 யூனிட்டைத் தாண்டும். இவ்வளவு மின்சாரத்துக்கும் விளக்குக்கும் செடிக்கும் பணம் போடுபவருக்கு, ஒரு கான்டாக்டரும் ஆர்சிசிபியும் பெரிய செலவு இல்லை.

எதையும் உடனே மாற்ற முடியாதவர்கள் இன்றிரவு ஒன்றைச் செய்யலாம். ஆப்பில் 'ஆஃப்' காட்டும் நேரத்தில், அறைக்குள் போய் விளக்கு உண்மையிலேயே அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மறுநாள் விளக்கு எரியும்போது ப்ளக்கின் பிளாஸ்டிக் நிறம் மாறியிருக்கிறதா, கருகல் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தால் அந்த ப்ளக்கில் கை வைக்காமல், முதலில் எம்சிபியை இறக்குங்கள்.